குப்பை வண்டிக்கு ஐந்து ஏன்கள்

லித்தியம் பேட்டரியை மொட்டைமாடியில் மிளகாய்க்குப் பக்கத்தில் காயப்போட்டவன் நான். விவரம் தெரியாத மனுஷன் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்து நான்கு வருடங்களாகச் சம்பளம் வாங்குகிறேன். வருடாவருடம் பாதுகாப்பு வாரத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு "விபத்து வருவதில்லை, நாம்தான் வரவழைக்கிறோம்" என்று வகுப்பு எடுப்பவனும் நான்தான். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள். நெருப்பைப் பற்றித் தத்துவம் பேசுபவை மட்டும் நாலைந்து தேறும். ஒன்றில்கூட பேட்டரியை வெயிலில் வைக்காதே என்று போட்டிருக்கவில்லை.

பேட்டரி, ஒயரில்லாத கை வேக்குவம் கிளீனருடையது. கார் சீட்டில் உதிரும் பொரிகடலையை உறிஞ்சுவதற்காக வாங்கியது. முதல் வருடம் உறிஞ்சியது. இரண்டாம் வருடம் நான்கு நிமிடம் உறிஞ்சிவிட்டு முனகியது. மூன்றாம் வருடம் முனகல் மட்டும். டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் சாகப்போகிற செல்லை வெயிலில் வைத்தால் இன்னும் இரண்டு நாள் செய்தி வாசிக்கும். அந்த அறிவு எனக்குள் நாற்பது வருடமாகச் சும்மா கிடந்தது. வேக்குவம் கிளீனரைத் திருகிக் கழற்றி, வெளியே தொங்கிய பேட்டரிக் கட்டை இரண்டு நாள் காயப்போட்டேன். என் மனைவி அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அதனால்தான் அவளிடம் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை அதன் மேலிருந்த நீல உறை சுருங்கியிருந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல ஒரு தித்திப்பு வாசனை வேறு. இனி இது பிழைக்காது என்று முடிவு கட்டி, சமையலறைக் கத்திரிக்கோலால் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினேன். பளிச்சென்று ஒரு பொறி. கத்திரிக்கோலில் ஒரு பல் போயிற்று. செத்தது என்று நினைத்ததற்குள் இவ்வளவு உயிரா என்று பயந்து, மின்சாரம் வெளியே கசியாமலிருக்க, சப்பாத்தி சுற்றும் சில்வர் பேப்பரில் அதை நன்றாகச் சுற்றினேன். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்று எட்டாம் வகுப்பில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். சில்வர் பேப்பருக்கு மேல் செய்தித்தாளின் தலையங்கப் பக்கம், அதற்கு மேல் கறுப்பு கவர், இரட்டை முடிச்சு. உலர்குப்பை வாளியின் அடியில் வைத்து, மேலே பால் கவர்களைப் பரப்பினேன். ஏன் அடியில் வைத்தாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. தப்பு என்று தெரிந்ததால்.

எங்கள் லேஅவுட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அறுபத்திரண்டு வீடுகள். அநேகமாக வீட்டுக்கு ஒரு தொழிற்சாலைக்காரர். மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்காரர் என்று பல ஊர்ச் சனம். எல்லோருக்கும் பொதுவான தாய்மொழி கம்பெனி மொழி. தண்ணீர் மோட்டார் எரிந்தபோது சாக்பீஸால் சுவரில் மீன்முள் படம் வரைந்து காரணம் தேடினார்கள். முதல் குறுக்குத் தெருவில் தெருநாய் குட்டி போட்டபோது, திருத்த நடவடிக்கை, பொறுப்பாளர், முடிக்கும் தேதி என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. முடிக்கும் தேதிக்குள் நாய் மறுபடியும் குட்டி போட்டுவிட்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். உற்பத்தி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் அவருக்கும் மூன்று வருடப் பகை. என் காரின் பின்சக்கரம் அவர் கேட்டின் எல்லையை ஒரு சாண் தாண்டி நிற்கிறது என்பது வழக்கு. ஒரு தடவை டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். அதில் டேப் வளைந்திருக்கிறது என்று நான் சுட்டிக்காட்டினேன். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் அளவுக்கு மீறி மரியாதையாக நடத்துகிறோம். அவர் சொல்கிற ஒவ்வொரு "ங்க"விலும் ஒரு ஊசி இருக்கும்.

குப்பை எடுக்க வருகிற அம்மாவுக்கு எங்கள் அறுபத்திரண்டு வீட்டையும் சமமாகப் பிடிக்காது. நாற்பது வயதிருக்கும். சூளகிரிப் பக்கத்துக் கிராமம். மூன்று சக்கர வண்டியை அவரே ஓட்டி, அவரே எடுத்து, அவரே பிரித்து, அவரே அமுக்கி இடம் பண்ணுவார். மக்குவது மக்காதது என்று இரண்டாகப் போடுங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "குப்பைய ரெண்டா பிரிக்கச் சொன்னா சொத்து பிரிக்கச் சொன்ன மாதிரி மூஞ்ச தூக்கறீங்க" என்று ஒரு நாள் என் கேட்டருகிலேயே சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை, மூன்றாம் குறுக்குத் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, இடம் போதாமல் மூட்டைகளைக் கையால் அமுக்கியிருக்கிறார். உஸ்ஸென்று சீறல் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்தது அதற்கு அடுத்த கட்டத்தை. வண்டியின் பச்சைத் தொட்டியிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. அவர் வெறுங்கையால் ஒரு மூட்டையைப் பிடுங்கி ரோட்டில் வீசினார். அது ரோட்டில் விழுந்த பிறகும் பட்டாசுபோல இரண்டு தடவை வெடித்துச் சுழன்றது. பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை இடது கையால் அள்ளி அள்ளிப் போட்டார். வலது கையை உடம்போடு சேர்த்து வைத்திருந்தார். நம் ஆட்கள் ஆறேழு பேர் வெளியே வந்து, பாதுகாப்பான தூரத்தில் நின்று, மிகுந்த அக்கறையோடு வீடியோ எடுத்தார்கள்.

மணலுக்கு வெளியே சில்வர் பேப்பர் ஒரு துண்டு சுருண்டு மினுக்கியது. அதைப் பார்த்தேன். உள்ளே போய் இரண்டாவது தடவை பல் தேய்த்தேன்.

மதியத்துக்குள் செயலாளர் குழுவில் ஒரு படம் போட்டுவிட்டார். சாம்பலுக்கு நடுவில் மேலுறை கருகிய இரண்டு செம்புக் கம்பிகள். கீழே அவருடைய தீர்ப்பு: குப்பை வண்டியிலேயே ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் வேலை நடந்திருக்கிறது, குழந்தைகள் நடமாடும் தெருவில் இதை அனுமதிக்க முடியாது, இந்த அம்மாவை நிறுத்தச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் பேசியாயிற்று. கீழே நாற்பத்தொரு கட்டைவிரல்கள். தன் வீட்டில் சென்ற மாதம் ஒரு செம்புச் சொம்பு காணாமல் போனது என்று ஒருவர் நினைவுகூர்ந்தார். அது எப்போதிருந்தோ தொடர்கிற கதை என்று இன்னொருவர் எழுதினார். எனக்கும் விரல் இருந்தது. நான் வைக்கவில்லை. அதை ஒரு எதிர்ப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் செயலாளரே என்னை அழைத்தார்.

"நீங்கதானுங்க நம்மள்ல குவாலிட்டி. ஞாயித்துக்கெழம காண்ட்ராக்டரோட சூப்பர்வைசர் வர்றாருங்க. ஒரு ஒய்-ஒய் போட்டுக் குடுத்தீங்கன்னா ஆபீசுக்கும் ஒரு மருவாதையா இருக்குமுங்க."

ஒய்-ஒய் என்பது எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளின் சந்தியாவந்தனம். ஒரு தப்பு நடந்தால், ஏன் என்று ஐந்து முறை அடுக்கிக் கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்குக் கீழே மூலக்காரணம் பல்லிளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. அனுபவம் வேறு. முதல் ஏனுக்கு உண்மையான பதில் எழுதுவோம். இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட உண்மை. மூன்றாவதை எழுதும்போது மேனேஜர் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். நான்காவது, ஐந்தாவது எல்லாம் மேலிருந்து கீழே உருளும் கல். கடைசியில் எவனுக்குச் சம்பளம் குறைவோ அவன் தலையில் போய் நிற்கும். ஆப்பரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது. இந்த வரியை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்றால், தூக்கத்தில் எழுப்பினாலும் தேதி போட்டு எழுதுவேன்.

இதையும் எழுதினேன். ஏன் தீப்பிடித்தது? குப்பையில் இருந்த ஒரு மின்பொருள் சூடானது. ஏன் சூடானது? முனைகள் ஒன்றோடொன்று பட்டன. ஏன் பட்டன? மூட்டை அமுக்கப்பட்டது. ஏன் அமுக்கப்பட்டது? பிரித்துப் பார்க்காமல் ஏற்றப்பட்டது. ஏன் பிரித்துப் பார்க்கவில்லை? கவனக்குறைவு. திருட்டு என்று நான் எழுதவில்லை பாருங்கள். கவனக்குறைவு என்றுதான் எழுதினேன். அதைப் பெருந்தன்மை என்று நம்பிச் சனிக்கிழமை மத்தியானம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

எழுந்தபோது கட்டிலருகே மனைவி கத்திரிக்கோலோடு நின்றாள்.

"இதுல பல்லு போயிருக்கு. என்னத்த வெட்டுனீங்க?"

சொன்னேன். காயப்போட்டது, வெட்டியது, சுற்றியது, அடியில் வைத்தது வரை சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"அலுமினியம் கடத்தியா, கடத்தாப் பொருளா?"

"விடு இப்ப."

"சொல்லுங்க. எட்டாங்கிளாஸ் கேள்வி."

"கடத்தி."

"அந்தம்மா கையில எத்தன கொப்புளம்னு தெரியுமா? வாட்ஸ்அப் குழுவுல யாரும் கேக்கல. நான் பஸ் ஸ்டாப்புல பாத்தேன். நாளைக்கு மீட்டிங்குல சொல்லுவீங்களா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம். எங்க ஸ்டாஃப் ரூம்லயும் அப்படித்தான்."

ஞாயிறு பத்து மணிக்குச் சங்கத்தின் தகரக் கொட்டகையில் கூட்டம். முப்பது பேர் வந்திருந்தார்கள். பொதுக்குழுவுக்கே பன்னிரண்டு பேர்தான் வருவார்கள். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசி, போனில் கன்னடம் பேசி, வேலையாட்களைத் தமிழில் மிரட்டுகிறவர். அந்த அம்மா மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். பூசைக்கு உடுத்திய வெளிர்நீலப் புடவை, கழுத்தில் செபமாலை, வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"பாதி பூசையில கூப்பிட்டுட்டு நிக்க வெக்கறீங்க. பரவால்ல, நானே உக்காந்துக்கறேன்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலி அம்மாள் தன்னுடையதை நான்கு விரற்கடை தள்ளிப் போட்டாள். தரையில் அது கிரீச்சிட்டது எல்லோருக்கும் கேட்டது.

செயலாளர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் அந்த இரண்டு கம்பிகளையும் வைத்து மேசைமேல் வைத்தார், ஏதோ பலகாரம் பரிமாறுவதுபோல. பிறகு என் ஒய்-ஒய் தாளை எடுத்து உரக்க வாசித்தார். ஐந்தாவது ஏனுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கவனக்குறைவுன்னு சார் நாகரிகமா எழுதியிருக்காருங்க. படிச்சவரு. ஆனா அது எதுனால கவனக்குறைவு? கவனமெல்லாம் செம்பு மேல இருந்ததுனாலங்க."

சபை சிரித்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். அதுவரை எனக்கும் அவருக்கும் இருந்தது குப்பை வாளி உறவு மட்டும்தான். வாளி இல்லாமல் அவர் என்னைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"இன்னா சார் எழுதிக் குடுத்தீங்க?" என்றார். "செம்பு எடுக்கறவ ஓடற வண்டியிலயா எரிப்பா? சுத்தி அறுபது ஊட்டுக்காரங்க பாக்கறப்பவா எரிப்பா? திருடுறதுக்கும் ஒரு புத்தி வேணாமா? உங்க கணக்குல எனக்கு அதுகூட இல்லியா?"

ஐந்து ஏன்கள் போட்டிருந்தோம். ஆறாவதாக அவர் ஒன்று கேட்டால் சேர்க்கக் கட்டமில்லை.

சூப்பர்வைசர் சட்டைப்பையிலிருந்து டைப் அடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். "இதப் பாரும்மா, கையெழுத்து போடு. வேலைய விட்டு நிறுத்தறதோட முடிச்சுக்கறோம். போலீசு கீலீசுன்னு போவாது. உன் நல்லதுக்குத்தான்."

"நான் பத்தாவது பாசு. படிச்சுட்டுத்தான் போடுவேன்." இடது கையால் வாங்கி, எழுத்துக்கூட்டாமல், சத்தமாகவே வாசித்தார். "நான் செம்புக் கம்பிக்காக ஒயரை எரித்தது உண்மை என்றும்... இத எவன் எழுதுனான்? இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு எந்த வார்டுல என்னை சேப்பான்? எந்த ஊட்டுல கேட்ட தொறப்பான்?"

"கையெழுத்து முடியலன்னா கைநாட்டு போடு."

"கட்டு போட்டிருக்கு, கண்ணு தெரியலியா?"

"இடது கை இருக்குதில்ல."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "ஸ்டாம்ப் பேடு உங்க வீட்டுல இருக்குமில்லீங்க? புஸ்தகத்துல எல்லாம் சீல் குத்துவீங்களே."

இருந்தது. இரவல் வாங்குகிறவர்கள் திருப்பித்தர வேண்டுமென்று என் புத்தகங்களில் பெயர் முத்திரை குத்துவதற்காக வைத்திருப்பது. நான் எழுந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை: எழுந்தது ஸ்டாம்ப் பேடு எடுத்து வரத்தான். கால் இரண்டு எட்டு வைத்தும் விட்டது. கொட்டகைத் தூணருகே என் மனைவி நின்றிருந்தாள். தலையாட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. வகுப்பில் பதில் தெரிந்தும் எழாத பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குத்தான் நான் திரும்பிப் போயாக வேண்டும்.

"அது என் ஒயர்" என்றேன். முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அது என் வீட்டு ஒயர். என் பேட்டரி."

என் வாழ்நாளில் நான் சொன்ன முழு உண்மைகளில் முக்கியமானது இது. ஒருவர்கூட நம்பவில்லை.

"ஏனுங்க, பார்க்கிங் கோவத்தையெல்லாம் இதுல காட்டக் கூடாதுங்க" என்றார் செயலாளர். "நம்மளுக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்குன்னு நான் போட்ட மீட்டிங்க கெடுக்கறதுக்கு இப்படியா?"

"நிஜமாகவே நான்தான்."

"நீங்களே ரிப்போர்ட் எழுதிக் குடுத்திருக்கீங்களேங்க! கவனக்குறைவுன்னு!"

"என்னுடைய கவனக்குறைவு."

"அதுல உங்க பேரு இல்லீங்களே."

உண்மைதான். எங்கள் படிவத்தில் ரிப்போர்ட் எழுதுகிறவனின் பெயர் கையெழுத்துக் கட்டத்தில் மட்டும்தான் வரும். காரணக் கட்டத்தில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே குற்றவாளியான நானே என் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு ஓடினேன். ஸ்டாம்ப் பேடுக்குப் பதிலாக வயிறு கிழிந்த வேக்குவம் கிளீனரையும் பல் போன கத்திரிக்கோலையும் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கிளீனரின் வயிற்றுக்குள் சிவப்பு ஒயர் ஒரு விரல் நீளம் மிச்சமிருந்தது. அதன்மேல் வெள்ளைக் கோடு. தட்டிலிருந்த கம்பி ஒன்றின் நுனியில் கருகாமல் தப்பிய கால் அங்குல உறையிலும் அதே சிவப்பு, அதே வெள்ளைக் கோடு. செயலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். முப்பது வருட உற்பத்திப் பழக்கம் அவரையும் மீறிப் பேசியது.

"மேட்ச் ஆகுதுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் கோணியது.

அதற்குப் பிறகு சபை என்மீது திரும்பியதை விவரிக்க வேண்டியதில்லை. அதே உற்சாகம், அதே குரல்கள், ஆள்தான் மாறினேன். சற்றுமுன் நாற்காலியைத் தள்ளிப் போட்ட அம்மாள், "படிச்ச மனுஷனா இவரு? வீட்டுக்குப் பக்கத்துல இருக்கவே பயமா இருக்கு" என்றாள். அவள் வீடு என் வீட்டிலிருந்து ஐந்தாவது. பேட்டரியை வெயிலில் காயப்போட்ட கதையை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முழு உண்மை என்று ஆரம்பித்துவிட்டால் நிறுத்தத் தெரியாத சுபாவம். சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் மொட்டைமாடியில் எதையாவது காயப்போட்டிருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

நான் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றேன். "மன்னிச்சிடுங்கம்மா."

"என்னைக் கேக்காதீங்க. கையக் கேளுங்க" என்றார். "மூணு நாளு சார். என் பொண்ணு ஆஸ்டல்ல இருந்து போன் பண்ணி, ‘நீ எரிச்சியாம்மா’ன்னு கேக்கறா. வீடியோ அவளுக்கே போயிருக்கு. அவ போனு பார்ட்ஸ் பண்ற கம்பெனியில இருக்கா. வீணாப் போன பேட்டரின்னா முனையில டேப்பு ஒட்டி, மண்ணு வாளியில போட்டு, தனியாத்தான் குடுப்பாங்களாம். பத்தொம்பது வயசுப் பொண்ணு, சேந்து நாலு மாசம் ஆவுது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

பாதுகாப்பு வாரத்தில் நான் மாட்டும் தலைக்கவசம் என்ன நிறம் என்று அந்த நிமிடம் எனக்கு மறந்துபோயிற்று.

சூப்பர்வைசர் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை என்றார். ஆனாலும் பேச்சு வந்த இடத்தில் அதே ஆள் வேண்டாம், அடுத்த மாதத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஏரியாவுக்கு மாற்றிவிடுகிறேன் என்றார். அப்போதுதான் எனக்குள் ஒரு வீரன் எழுந்தான். தப்பு பண்ணாதவரை ஏன் மாற்ற வேண்டும், மாற்றினால் அதுவும் தண்டனைதானே என்று முழங்கினேன். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்கம்மா. நாங்க பார்த்துக்கறோம்" என்றேன்.

ஒரு வாரத்தில் ஐம்பத்தெட்டு வீட்டில் கையெழுத்து வாங்கினேன். எரிச்சலோடு போட்டார்கள், ஆனால் போட்டார்கள். செயலாளர் கடைசியாக, பேனாவை முறித்துவிடுகிற அழுத்தத்தில் போட்டார். மனுவை நானே ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன். அந்த அம்மா எங்கள் லேஅவுட்டிலேயே நீடித்தார்.

இதற்கிடையில் என் கேட்டுக்கு வெளியே பேட்டரிகள் பிறக்க ஆரம்பித்தன. கூட்டத்துக்கு மறுநாள் காலை ஒரு டிரிம்மர். அடுத்த நாள் எமர்ஜென்சி விளக்கு, இரண்டு கொசு பேட், அப்பளம்போல உப்பி மூடி திறந்துகொண்ட டேப்லெட். ஒவ்வொரு வீட்டிலும் டிராயருக்குள் ஒரு பயம் ஒளிந்திருந்திருக்கிறது. எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்திருந்ததை, போடுவதற்கு ஒரு ஆள் கிடைத்ததும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷில் சீட்டு ஒட்டியிருந்தது: "இதற்கும் ஒரு ஒய்-ஒய் போடவும்." எழுத்து செயலாளருடையது. ‘வும்’மில் அந்த ஊசி இருந்தது.

மனைவி மேற்பார்வையில், உள்ளே பிடுங்காமல், வெட்டாமல், தெரிகிற முனைகளில் எல்லாம் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். ஒவ்வொன்றையும் தனித்தனி கவரில் போட்டேன். உப்பியதை மட்டும் தொடாமல் முறத்தால் ஏந்தி, காய்ந்த மணல் நிரப்பிய இரும்பு வாளிக்குள் வைத்து, வீட்டைவிட்டுத் தள்ளிக் காம்பவுண்டு மூலையில் நிழலில் நிறுத்தினேன். நிழலில் என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள். பழைய இரும்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்வெர்ட்டரு பேட்டரி இருந்தா குடுங்க, ஈயம் இருக்கும். இந்த வெடிகுண்டெல்லாம் வேணாம்" என்றார். விற்ற கடைக்காரர், பில் இருக்கிறதா என்றார். கடைசியில் கிருஷ்ணகிரி ரோட்டில், மின்கழிவு வாங்க உரிமம் வைத்திருக்கும் ஒரு கிடங்கைக் கண்டுபிடித்தேன். கார்க் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நாற்பதில் ஓட்டிக்கொண்டு போனேன். மாங்கூழ் டிரம் ஏற்றிய லாரிகள் எல்லாம் என் பரம்பரையைச் சந்தேகித்து ஹாரன் அடித்தன. கிடங்குக்காரர் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, "வேக்குவம் கிளீனர் பாடி இருக்கு, பேட்டரி எங்க?" என்றார். முன்னாலேயே போய்விட்டது என்றேன்.

மூன்றாவது வாரம் அந்த அம்மாவின் கட்டு பிரித்திருந்தது. உள்ளங்கையில் புதுத் தோல், ரோஜா நிறத்தில், இன்னும் ஒட்டாத ஸ்டிக்கர்போல. நான் மக்குவதை ஒரு வாளியிலும் மக்காததை ஒரு வாளியிலும் ஏந்திக்கொண்டு கேட்டருகே நின்றேன். மனதில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். நன்றி என்று சொல்ல வேண்டாம், ஒரு தலையசைப்பு போதும்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"இருக்குது."

"எப்படியோ, உங்கள இங்கயே இருக்க வெச்சாச்சு" என்று கேட்டின்மேல் கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு சார் கேட்டா? இங்க வர ரெண்டு பஸ்ஸு, அப்பால நடை. அந்த பஸ் ஸ்டாண்டு ஏரியா வேணும்னு ரெண்டு வருசமா அந்தாளு கால்ல விழறேன். இப்பதான் மனசு எறங்கி தரேன்னான். வேலைக்கு ஒல வெச்சதும் நீங்க, காப்பாத்துனதும் நீங்க. நடுவுல என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." காலி வாளியை என்னிடம் நீட்டினார். "தள்ளி நில்லுங்க. வண்டி திருப்பணும்."